இன்னும் ஓராண்டு: அதன் செலவு யாருடையது?

லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் வரும் அத்திமர உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மூன்று ஆண்டுகளாகக் கனி தராத மரத்தை வெட்டிவிடச் சொல்கிறார் உரிமையாளர். இன்னும் ஓராண்டு விட்டுவையுங்கள், சுற்றிலும் கொத்தி எரு இட்டுப் பார்க்கிறேன் என்று மன்றாடுகிறார் தோட்டத் தொழிலாளி. மறையுரைகளில் இதனை இறைவனின் பொறுமைக்கும் மனிதரின் மனமாற்றத்துக்கும் எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். அது பொருத்தமே. ஆயினும் அவ்வுவமையில் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. அந்த ஓராண்டின் செலவை ஏற்றவர் யார்? மரம் நிலத்தை வீணாக்குகிறது என்பது உரிமையாளரின் கணக்கு. தொழிலாளியோ தம் உழைப்பைத் தர முன்வந்தார். எருவின் விலையைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.

உலகின் பல பகுதிகளில் கனிமரங்கள் இன்று நோயுற்று நிற்கின்றன. சிலவற்றுக்கு மருந்து இல்லை. மரத்தின் மரபணுவையே மாற்றி, நோயைத் தாங்கும் வலிமையை அதற்குள் புகுத்தலாம் என்கிறார்கள் அறிவியலாளர்கள். மரபணு மாற்றுப் பயிர் என்றவுடன், அது உடலுக்குத் தீங்கா அன்றா என்ற வினாவே நம்மில் பலருக்கு முதலில் எழுகிறது. இன்றியமையாத வினாதான், அதற்கு விடை காண வேண்டியவர்கள் அத்துறை அறிஞர்கள். இக்கட்டுரையில் நான் கேட்க விழைவது அறநெறி சார்ந்த வேறொரு வினா. இத்தகைய ஆய்வுக்குப் பணம் தருபவர் யார்? தருவதனால் அவருக்கு என்ன உரிமை பிறக்கிறது? பணம் தர வழியற்ற சிறு உழவரின் மரத்துக்காக எவரேனும் ஆராய்வாரா?

கருத்தளவில் பேசிக்கொண்டே போனால் இவ்வினா நழுவிவிடும். ஆகவே உண்மையில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்லுகிறேன்.

பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுகள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஒரு மாநிலம். பப்பாளி அங்கே பெயர்பெற்ற பழம். முதலில் ஓவாகு என்னும் தீவில் பயிரிட்டு வந்தார்கள். அங்கே வளையப்புள்ளி நச்சுயிரி நோய் பரவியது. நம் ஊர்ப் பப்பாளித் தோட்டங்களைப் பார்த்தவர்கள் இந்நோயை அறிவார்கள். இலை மஞ்சள் படர்ந்து சுருங்கும். பழத்தின் தோலில் வளையம் வளையமாகப் புள்ளிகள் விழும். மரம் சிறுத்துப்போய்க் காய்ப்பு நின்றுவிடும். அசுவினிப் பூச்சிகள் ஒரு மரத்திலிருந்து மறு மரத்துக்கு இதனைக் கொண்டுசெல்கின்றன. நோய் கண்ட மரத்தை வெட்டி அழிப்பதன்றி வேறு வழி இல்லை. ஓவாகுவைக் கைவிட்ட உழவர்கள், நோய் எட்டாத புனா என்ற பகுதிக்குப் போனார்கள். அது ஹவாய் என்றே பெயர்கொண்ட பெரிய தீவில் உள்ளது. 1990-களின் தொடக்கத்தில் அம்மாநிலத்துப் பப்பாளியில் 95 விழுக்காடு புனாவிலேயே விளைந்தது. அங்கே பப்பாளி பயிரிட்டோரில் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து வந்து குடியேறியோர் பலர். குத்தகை நிலத்தில் பாடுபட்டவர்கள்.

நோய் ஒருநாள் புனாவுக்கும் வரும் என்று முன்கூட்டியே உணர்ந்தவர் டென்னிஸ் கொன்சால்வஸ். அவர் ஹவாயில் பிறந்து, நியூயார்க் மாநிலத்திலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயிர்நோய் ஆய்வாளராகப் பணியாற்றியவர். 1970-களின் இறுதியிலேயே அவர் இம்முயற்சியைத் தொடங்கினார். முதலில் அவர் நாடியது மரபணு மாற்றத்தை அன்று. வீரியம் குறைந்த நச்சுயிரியை இளஞ்செடிக்கு ஏற்றினால், அம்மைப்பால் வைத்த பிள்ளையைப் போல அது கடிய நோயைத் தாங்குமா என்று பார்த்தார். ஓரளவே பயன் கிடைத்தது. பின்னர், 1980-களின் நடுவில், அந்நச்சுயிரியின் மேலுறைப் புரதத்துக்குரிய மரபணுவைப் பப்பாளிக்குள் புகுத்தும் பணியில் தம் தோழர்களோடு இறங்கினார். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு மான்ஷார்ட், அப்போது ஆய்வு மாணவியாயிருந்த மோரீன் ஃபிட்ச், ஒரு மருந்து நிறுவனத்தின் அறிவியலாளரான ஜெர்ரி ஸ்லைட்டம் ஆகியோர் அத்தோழர்கள். 1991-இல் நோயைத் தாங்கும் ஒரு செடி அவர்கள் கைக்குக் கிடைத்தது. 1992-இல் ஓவாகுவில் வயல்வெளிச் சோதனை தொடங்கிற்று. அதே 1992 மே மாதத்தில்தான் புனாவில் நோய் காணப்பட்டது! இதனை இறைப்பராமரிப்பு என்று சொல்ல என் நா துடிக்கிறது. ஆனால் அச்சொல்லை அவ்வளவு எளிதாகக் கையாளலாகாது. கருவி ஆயத்தமாகாத நாடுகளின் உழவர்களை இறைவன் மறந்துவிட்டாரா என்று அடுத்த கேள்வி வருமல்லவா?

1992-இல் புனாவின் விளைச்சல் ஐந்து கோடியே முப்பது இலட்சம் பவுண்டு. 1998-இல் அது இரண்டு கோடியே அறுபது இலட்சம் பவுண்டாக, பாதிக்கும் கீழாக வீழ்ந்தது. 1996, 1997 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க அரசின் மூன்று துறைகள் அப்புதிய பப்பாளிக்கு ஒப்புதல் தந்தன. அப்போதும் விதை உழவர் கைக்கு வரவில்லை. ஏன்? மரம் ஆயத்தம், ஆனால் அதனை உருவாக்கப் பயன்பட்ட உத்திகளும் மரபணுத் துணுக்குகளும் வேறு வேறு நிறுவனங்களின் காப்புரிமையில் இருந்தன. மான்சாண்டோ, அஸ்குரோ, கேம்பியா, மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் ஆகிய நான்கு உரிமையாளர்களிடமும் தனித்தனியே உரிமம் பெற வேண்டியிருந்தது. அரசுப் பணத்தில் ஆராய்ச்சி செய்து முடித்த பல்கலைக்கழகம், தான் பெற்ற பிள்ளையை வெளியே அழைத்துவர நான்கு வாசல்களில் நின்று கேட்க வேண்டியதாயிற்று.

அந்த வாசல்களில் நின்றது பப்பாளி நிருவாகக் குழு என்ற உழவர் அமைப்பு. விற்கும் பழத்துக்கு இவ்வளவு என்று தீர்வை வசூலித்து நடந்த அமைப்பு அது. வாசக அன்பர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. விருதுநகரிலும் சிவகாசியிலும் வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை திரட்டிப் பள்ளிக்கூடங்களை எழுப்பியதை அறிவோம். கடற்கரைப் பங்குகளில் பிடிபட்ட மீனில் ஒரு பங்கு பொதுக் காரியத்துக்கென்று ஒதுக்கப்பட்டு வந்ததையும் அறிவோம். அப்பப்பாளி உழவர்கள் தங்கள் மகமையிலிருந்து வழக்கறிஞர் செலவையும் உரிமத் தொகையையும் கொடுத்தார்கள். 1998 ஏப்ரலில் உரிமங்கள் கிட்டின. மே முதல் நாள், தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளன்று, விதைகள் உழவர்களுக்கு இலவசமாகவே வழங்கப்பட்டன. அமெரிக்கர்கள் அத்திருநாளை எண்ணி நாள் குறித்திருக்க மாட்டார்கள். எனக்குத்தான் அது கண்ணில் பட்டது. 'ரெயின்போ' என்று அவ்வினத்துக்குப் பெயரிட்டார்கள். வெட்டி அழித்த நிலங்களில் மீண்டும் பப்பாளி எழுந்தது.

இவ்வரலாற்றில் பணம் வந்த வழியைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க வேளாண்மைத் துறை வெப்பமண்டலப் பயிர் ஆய்வுக்கென வழங்கிய நிதி, பல்கலைக்கழகங்களின் ஊதியம், உழவர்களின் தீர்வை: இம்மூன்றுமே பொதுப்பணமோ கூட்டுப்பணமோ ஆகும். பெருநிறுவனம் ஒன்று இதில் முதலிடவில்லை. முதலிட்டிருக்காது என்பதே உண்மை. மக்காச்சோளம், சோயா, பருத்தி போன்றவை கோடிக்கணக்கான ஏக்கரில் ஆண்டுதோறும் விதைக்கப்படுபவை. விதை விற்பவருக்கு ஆண்டுதோறும் வருவாய் உண்டு. கனியின் நிலை வேறு. வாழையைப் பக்கக்கன்றிலிருந்து வைக்கிறோம், மாவை ஒட்டுக்கட்டுகிறோம், ஒருமுறை நட்ட மரம் பல்லாண்டு நிற்கிறது. பயிரிடும் பரப்பும் சிறிது. அரசின் ஒப்புதல் பெறவோ பெருந்தொகை வேண்டும். சந்தையின் கணக்கில் சிறு கனி உழவர் இலாபம் தராத வாடிக்கையாளர். எனவே அவருடைய மரத்துக்கு ஆய்வு நடக்க வேண்டுமாயின் வேறொரு பணப்பை திறந்தாக வேண்டும்.

சந்தையின் பணப்பை திறக்கும்போது எதற்குத் திறக்கிறது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒகனாகன் ஸ்பெஷாலிட்டி ஃப்ரூட்ஸ் என்ற சிறு நிறுவனம் 'ஆர்க்டிக்' ஆப்பிளை உருவாக்கியது. நறுக்கி வைத்தாலும் பழுப்பேறாத ஆப்பிள் அது. 2015-இல் அமெரிக்காவும் கனடாவும் அதற்கு இசைவளித்தன. அவ்வாண்டே ஒரு பெரிய நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிக்கொண்டது. அம்மாநிலத்துப் பழ உழவர் சங்கமே அந்த ஆப்பிளை எதிர்த்தது. சந்தையில் தங்கள் ஆப்பிளின் நற்பெயர் கெட்டுவிடும் என்பது அவர்களது அச்சம். நறுக்கிய ஆப்பிள் நிறம் மாறாதிருப்பது பாவமென்று நான் சொல்லவில்லை. பழம் குப்பைக்குப் போவது குறையுமென்று அதனை உருவாக்கியவர்கள் கூறுவதிலும் உண்மை இருக்கலாம். ஆனால் நறுக்கிய பழத்தைப் பையில் அடைத்து விற்கும் நாட்டின் வசதிக்கு முதலீட்டாளர் கிடைக்கிறார். வாழை அழுகிப் பட்டினி கிடக்கும் குடும்பத்துக்குக் கிடைப்பதில்லை. எது ஆராயப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அறிவியல் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இனி, பணம் தந்தவருக்குப் பிறக்கும் உரிமை பற்றிய வினா. குருமடத்தில் நாங்கள் கற்ற பாடம் ஒன்று இங்கே உதவுகிறது. புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் பெருநூலில் உடைமையை இரு நிலைகளில் வைத்துப் பேசுகிறார். பொருளை ஈட்டவும் பேணவும் மனிதர் அதனைத் தமதாக வைத்திருக்கலாம். அது முறையானது, தேவையானதும்கூட. ஆனால் அதனைப் பயன்படுத்தும் நிலை வரும்போது, பொதுவானதாகவே அதனைக் கருத வேண்டும். பிறர் தேவையுறும்போது பகிர்ந்தளிக்க ஆயத்தமாயிருக்க வேண்டும். நிலத்தையும் தானியத்தையும் மனத்தில் வைத்து 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சிந்தனை இது. 1991-இல் புனித இரண்டாம் ஜான் பால் தம் 'நூறாவது ஆண்டு' சுற்றுமடலில், நம் காலத்தில் நிலத்துக்கு நிகரான மற்றோர் உடைமை தோன்றிவிட்டதென்று சுட்டிக்காட்டினார். அறிவும் தொழில்நுட்பமும் திறமையுமே அவ்வுடைமை. காப்புரிமைப் பத்திரம் என்பது அவ்வுடைமைக்கு எழுதப்பட்ட பட்டா. அப்படியாயின் அக்குவினாஸ் நிலவுடைமையாளருக்கு விதித்த கடமை, காப்புரிமை உடையவரையும் கட்டுப்படுத்தும். ஆய்வுக்குச் செலவிட்டவர் அச்செலவை மீட்டுக்கொள்ளட்டும்; உழைத்தவர் ஊதியம் பெறட்டும். நோயுற்ற மரத்தின் முன் நிற்கும் ஏழைக்கு அம்மருந்தை மறுக்கும் உரிமை மட்டும் அவருக்கு எங்கிருந்தும் வருவதில்லை.

ஹவாயில் அந்நான்கு நிறுவனங்களும் இறுதியில் இசைந்தன. ஆனால் வேலி போட்டுத்தான் இசைந்தன. பழத்தை எங்கும் விற்கலாம். மரத்தை ஹவாயில் மட்டுமே வளர்க்கலாம். அவர்கள் பார்வையில் இது தாராளமே. வேலிக்கு வெளியே நிற்பவர் பார்வையில் என்ன என்பதைப் பின்னர் பார்ப்போம்.

வேலிக்கு உள்ளேயும் எல்லாரும் மகிழ்ந்துவிடவில்லை. ஹவாய்ப் பப்பாளியின் பெரிய சந்தை ஜப்பான். மரபணு மாற்றிய பழத்தை அந்நாடு ஏற்கவில்லை. 2011 டிசம்பரில்தான் அனுமதி வந்தது. அதுவரை, ஜப்பானுக்கு அனுப்புவோர் பழைய இனத்தைத் தனியே பயிரிட்டு, கலப்பில்லை என்று சோதித்துக் காட்ட வேண்டியிருந்தது. இயற்கை முறையில் பயிரிட்டோருக்கும் இத்தகைய கவலை. பக்கத்துத் தோட்டத்து மகரந்தம் தம் தோட்டத்துப் பழத்தின் விதைக்குள் புகுந்துவிட்டால், தாம் நட்ட மரம் அடுத்த தலைமுறையில் தாம் விரும்பாத ஒன்றாக மாறிவிடுமே என்று அவர்கள் அஞ்சினார்கள். அவ்வச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவதற்கு எனக்கு மனமில்லை. நாபோத்து தன் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு மன்னனுக்கு விற்க மறுத்தபோது அவனிடம் பொருளாதார வாதம் எதுவும் இல்லை. முன்னோர் வழி வந்தது, தரமாட்டேன் என்றான், அவ்வளவே. பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வு, அதனை ஏற்போருக்கு விதை தருவதோடு நின்றுவிடலாகாது. ஏற்காதவரின் தோட்டத்தைக் காக்கவும், கலப்பைச் சோதித்தறியவும், இழப்பு நேர்ந்தால் ஈடுசெய்யவும் அதே நிதியில் ஒரு பகுதி முதலிலேயே ஒதுக்கப்பட வேண்டும். இது பொதுவாக நடப்பதில்லை. கண்டுபிடிப்புக்குக் கிடைக்கும் பணம் அண்டை வீட்டாருக்குக் கிடைப்பதில்லை.

எதிர்ப்பு எல்லை மீறியதும் உண்டு. 2010, 2011, 2013 ஆகிய ஆண்டுகளில் புனாவில் இரவோடிரவாக எவரோ புகுந்து பப்பாளி மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். பாதிப்புற்றவர்கள் பெருநிறுவனத்தார் அல்லர், சிறு உழவர்கள். இணைச்சட்ட நூலின் 20-ஆம் அதிகாரம், பகைவரின் நகரை முற்றுகையிடும்போதும் அங்குள்ள கனிமரங்களை வெட்டலாகாது என்று இஸ்ரயேலருக்குக் கட்டளையிடுகிறது. போரிலேயே விலக்கப்பட்ட செயலைக் கொள்கையின் பெயரால் இரவில் செய்தவர்களை நான் எவ்வகையிலும் ஆதரிக்க இயலாது. 2013-இல் அத்தீவின் மாவட்ட மன்றம் மரபணு மாற்றுப் பயிர்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றை இயற்றியது. பப்பாளிக்கு மட்டும் விலக்கு அளித்தது. அச்சட்டத்தையும் 2014-இல் நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பையே உறுதிசெய்தது.

பணம் மிகுந்திருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்றும் எண்ணிவிட வேண்டாம். புளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் 2005-இல் ஒரு நோய் காணப்பட்டது. சிறு பூச்சி ஒன்று பரப்பும் நுண்ணுயிரால் வருவது. பழம் அடிப்பக்கம் பச்சையாகவே நின்று, கசந்து, உதிர்ந்துவிடும். அங்கேயும் உழவர்கள் பெட்டிக்கு இவ்வளவு என்று தீர்வை கொடுத்து ஆய்வுக்கு உதவினார்கள். சதர்ன் கார்டன்ஸ் என்ற பெரிய நிறுவனம் தன் செலவிலேயே, பசலைக் கீரையின் மரபணுவை ஆரஞ்சு மரத்துக்குள் புகுத்தும் ஆய்வை டெக்சாஸ் ஏ&எம் பல்கலைக்கழக அறிவியலாளர் ஒருவரிடம் ஒப்படைத்தது. இருபது ஆண்டுகள் கடந்தும் தோட்டங்களை மீட்கும் மரம் வந்துசேரவில்லை. 2003-04 பருவத்தில் இருபத்துநான்கு கோடிப் பெட்டி விளைந்த மாநிலத்தில், 2023-24 பருவத்தில் இரண்டு கோடிப் பெட்டிகூட விளையவில்லை. இயற்கை நம் காசோலைக்குக் கட்டுப்பட்டதன்று.

இப்போது வேலிக்கு வெளியே வருவோம். தாய்லாந்து மக்களுக்குப் பப்பாளி அன்றாட உணவு. காயைச் சீவிச் செய்யும் காரமான கலவை இல்லாமல் அங்கே உணவு நிறைவு பெறாது. அந்நாட்டு அறிவியலாளர்கள் கொன்சால்வஸின் ஆய்வுக்கூடத்துக்கே சென்று, தங்கள் நாட்டு இனத்தில், தங்கள் நாட்டு நச்சுயிரியைக் கொண்டே, நோய் தாங்கும் பப்பாளியை உருவாக்கினார்கள். 2004-இல் கோன்கேன் ஆய்வு நிலையத்திலிருந்து மரபணு மாற்றிய விதை உழவர் கைக்குக் கசிந்துவிட்டதென்று கிரீன்பீஸ் இயக்கத்தார் போராடினார்கள்; அரசு சோதனைகளை நிறுத்திவிட்டது. அரசுப் பணத்தில், அரசு ஆய்வாளர்கள், ஏழைகளின் உணவுக்காகச் செய்த ஆய்வு அது. அதனையும் ஒரு பெருநிறுவனத்தின் சரக்கைப் போலவே மக்கள் பார்த்தார்கள். விதை எவ்வாறு வெளியேறியது என்பதற்கு ஆய்வு நிலையம்தான் முதலில் பொறுப்புக் கூற வேண்டும். பொதுப்பணத்தில் நடப்பது என்பதனாலேயே ஓர் ஆய்வு வெளிப்படையானதாகிவிடாது.

உகாண்டாவின் நிலை இன்னும் நுட்பமானது. நமக்குச் சோறு எப்படியோ அப்படி அம்மக்களுக்கு மத்தோக்கே என்னும் வாழைக்காய் உணவு. 2001-இல் அங்கே வாழையில் ஒரு வாடல் நோய் தோன்றிக் குலைகளை அழுகச் செய்தது. குடமிளகாயிலிருந்து எடுத்த மரபணுக்களைத் தைவான் நாட்டு ஆய்வு நிறுவனம் கட்டணமின்றிக் கொடுத்து உதவியது. உயிர்ச்சத்து 'ஏ' மிகுந்த வாழைக்கென, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த மற்றோர் ஆய்வுக்கு கேட்ஸ் அறக்கட்டளை பணம் தந்தது. அதற்கான மரபணு பாப்புவா நியூ கினியின் வாழையிலிருந்து எடுக்கப்பட்டது. 2017-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இத்தகைய பயிர்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் முசவேனி கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். அவர் எழுப்பிய ஐயங்களுள் ஒன்று என் நெஞ்சில் தங்கிவிட்டது. காப்புரிமையாளருக்கு முற்றுரிமை தருகிறீர்கள். மூல இனத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்த சமூகங்களை மறந்துவிடுகிறீர்களே என்பதே அது. அவரது அரசியலைப் பற்றி வாசகர்கள் எக்கருத்தும் கொள்ளலாம். கேள்வி நேர்மையான கேள்வி. ஆய்வுக்குச் செலவிட்டவர் பட்டியலில் கார்னெலும் கேட்ஸும் இடம்பெறுகின்றனர். மணமும் சுவையும் பார்த்துக் கன்று தெரிந்து, அண்டை வீட்டாருக்கும் கொடுத்து, ஆயிரம் ஆண்டுகள் அவ்வாழையை வைத்துக் காத்த பெண்களின் உழைப்பு எந்தக் கணக்கேட்டிலும் முதலீடாகப் பதியப்படுவதில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில் இப்பொருளைத் தொட்டிருக்கிறார். மரபணு மாற்றத்தைப் பற்றிப் பொதுப்படையான ஒரே தீர்ப்பு வழங்குவது கடினம் என்றே அவர் தொடங்குகிறார். நிலம் சிலர் கையில் குவிவதையும், சிறு உழவர் வெளியேற்றப்படுவதையும், விதை உற்பத்தி ஒருசிலரின் பிடியில் சிக்குவதையும் கவலையோடு குறிப்பிடுகிறார். உழவர், நுகர்வோர், அறிவியலாளர், அண்மையில் வாழ்வோர் என எல்லாரும் பேசும் உரையாடல் வேண்டும் என்கிறார். அதன் முடிவில் ஒரு நடைமுறைக் கருத்தும் உண்டு. எவருக்கும் கட்டுப்படாத, பல துறைகளைச் சார்ந்த ஆய்வுகளுக்கு நிதி வழங்கக் கூடுதல் முயற்சி தேவை என்பதே அது. நம்மவர் பலர் இம்மடலின் கவலையை மேற்கோள் காட்டுகிறார்கள்; நிதி பற்றிய கருத்தை எவரும் எடுத்துக்காட்டி நான் கேட்டதில்லை.

நம் நாட்டில் வணிக முறையில் பயிரிடப்படும் மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றே. கத்தரிக்காயில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மகிகோ நிறுவனத்தின் மரபணுவைக் கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் கத்தரி இனங்களில் சேர்த்தது. அமெரிக்க அரசின் உதவித் திட்டமும், மேலே சொன்ன கார்னெல் பல்கலைக்கழகமும் அதில் பங்கேற்றன. 2010 பிப்ரவரி 9-ஆம் நாள் நடுவண் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதனை நிறுத்திவைத்தார். எது பொதுப்பணம், எது நிறுவனத்தின் பணம், விதை யாருக்கு உரியது என்பது தமிழக உழவருக்கு இறுதிவரை தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பதே என் குறை. அது தெரிந்திருந்தால் அவர் ஆதரித்திருப்பாரோ எதிர்த்திருப்பாரோ, தம் முடிவைத் தாமே எடுத்திருப்பார்.

எங்கள் பங்கிலும் பப்பாளி பயிரிடுவோர் சிலர் உள்ளனர். சிலர் பழத்துக்காக, சிலர் காயைக் கீறிப் பால் எடுப்பதற்காக. 'ரெட் லேடி' என்ற தைவான் நாட்டு ஒட்டுரக விதையைக் கிராம் கணக்கில் விலை கொடுத்து வாங்குகிறார்கள். வளையப்புள்ளி நோய் அதனையும் விடுவதில்லை. ஹவாய் விதையை வரவழைத்துக் கொடுங்களேன் சாமி என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார், எங்கோ படித்திருக்கிறார். உரிமத்தின் வேலியை ஒருபுறம் வைத்துவிட்டாலும், அவ்விதை இங்கே பயன்படாது என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. ரெயின்போ மரம் தாங்குவது ஹவாயின் நச்சுயிரியைத்தான். வேற்று நாட்டு நச்சுயிரி வேறு வகைப்பட்டது, அதன்முன் அம்மரம் வீழ்ந்துவிடுகிறது. ஆகையால் ஒவ்வொரு நாட்டுக்கும் அதனதன் மண்ணில் தனி ஆய்வு வேண்டும். பணக்கார நாடு செய்து முடித்ததை ஏழை நாடு இரவல் வாங்கிக்கொள்ளலாம் என்ற ஆறுதல் இதில் எடுபடாது.

அந்த ஆய்வு மரபணு மாற்றமாகவே இருக்க வேண்டும் என்றும் நான் வாதிடவில்லை. பூச்சி புகாத வலைக்குடிலில் நாற்று வளர்ப்பது, தோட்டத்தைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் விதைத்து அசுவினியைத் தடுப்பது, நோய் கண்ட செடியை உடனே பிடுங்கி எரிப்பது ஆகியவற்றை நம் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. இவற்றில் காப்புரிமை எதுவும் இல்லை. அதனாலேயே இவற்றை மேலும் ஆராயப் பணம் தருவோரும் அரியர். பொதுநிதி முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் இதுவே என்பது என் கருத்து. இவை போதாத இடத்தில் மரபணு ஆய்வும் நடக்கட்டும். அதற்கு நான் வைக்கும் நிபந்தனைகள்: உழவர் தம் மகமையைப் போட்டுத் தம் ஆளை அக்குழுவில் அமர்த்த வேண்டும், அரசின் பணம் அதனினும் மிகுதியாக இருக்க வேண்டும், முடிவு நல்லதாயினும் தீயதாயினும் தமிழில் அச்சிட்டு வெளியிட வேண்டும், ஏற்காதவரின் தோட்டத்துக்கு ஈடு எழுதி வைக்க வேண்டும்.

இதை அவ்விளைஞரிடம் சொன்னபோது, மகமை என்றால் கிலோவுக்கு எவ்வளவு வரும் என்று உடனே கேட்டார். ஐந்து பைசா என்றேன். பழத்துக்கு மட்டுமா, பாலுக்குமா என்றார். பாலுக்கும்தான் என்று சொன்னேன். பால் வாங்கும் ஆலைக்காரரும் கொடுப்பாரா என்று அவர் அடுத்துக் கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை. அவர்கள் சங்கம் கூடும் நாளில் அதனைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.